ஒரு சொல், பல பொருள்

"ரன்" என்றால் ஓடுதல் என்று சிறு வகுப்பிலேயே படித்தோம். ஆனால் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியினர் 645 பொருள்கள் கண்டதாக 2011-இல் செய்தி வந்தது! குழாயில் நீர் "ரன்" ஆனால் ஓடுகிறது. மூக்கு ஆனால் ஒழுகுகிறது. துணியின் சாயம் ஆனால் போகிறது. அமெரிக்கர் தேர்தலில் "ரன்" செய்வர்; ஆங்கிலேயரும் நாமும் நிற்போம்! ஆகவே தோழியரே, பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

அன்னை வீட்டை "ரன்" செய்கிறார் என்பது ஆங்கிலம். நடத்துகிறார் என்பது தமிழ். விடியற்காலை 5 மணி முதல் இரவு வரை என் அன்னை படும் பாட்டைப் பார்த்தால், அது நடை அன்று, ஓட்டமே! இந்த ஓரிடத்தில் ஆங்கிலமே பொருத்தம் என்பேன். அவருடன் நாமும் சற்று ஓடலாமன்றோ?