உழைத்த கறி

முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாட்டுக்கறியில் விலை அதிகமான துண்டுதான் நல்ல துண்டு என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பி.காம் படித்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

கல்லூரி நண்பன் ஒருவன். பொன்மலை ரயில்வே குடும்பம், ஆங்கிலோ இந்தியன். இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். அவன் அம்மா மட்டும் நகர மாட்டேன் என்று இங்கேயே இருக்கிறார். கேட்டால், ''நாகப்பட்டினத்துல இருந்த ஒர்க்‌ஷாப்பை 1928-ல இங்க கொண்டாந்தப்பவே எங்க தாத்தா கூட வந்துட்டாரு மேன். இனிமே நான் எங்க போறது?'' என்பார்.

போன வருஷம் டிசம்பரில் ஆன்ட்டியிடமிருந்து போன். ''ஸ்ட்யூ சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு மேன். முட்டிவலி, கடைக்குப் போக முடியல. நீ வாங்கிட்டு வா, நான் சொல்லச் சொல்ல வை.''

பாலக்கரைப் பக்கம் ஒரு கறிக்கடை. ''எதுக்குண்ணே?'' என்று பாய் கேட்டார். நான் காதில் வாங்கவே இல்லை. ''அண்டர்கட் ஒரு கிலோ. எலும்பு வேணாம்'' என்றேன் கெத்தாக. முதுகெலும்பை ஒட்டி உள்பக்கமாக ஓடுகிற சதை அது. கத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எலும்புக்குக் காசு கொடுப்பது நஷ்டக் கணக்கு என்பது என் கட்சி.

ஆன்ட்டி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்தது. சாப்பிடும்போது, ''கிரேவி நல்லாருக்கு மேன்'' என்று ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். தட்டு கழுவும்போதுதான் பார்த்தேன். ஓரத்தில் நாலைந்து துண்டுகள், மென்று துப்பிய சக்கை மாதிரி. ஆன்ட்டிக்குப் பல்செட். எனக்குத் தொண்டையை அடைத்தது.

''சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி?''

''ஆசையா வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?''

அப்புறம்தான் பாடம் நடந்தது. ''மாட்டுல எந்த எடம் நெறைய வேலை செஞ்சிருக்கோ அதை வாங்கு. காலு, தோளு, நெஞ்சு, வாலு. அண்டர்கட் சும்மா படுத்துக் கெடக்கிற கறி. கல்லுல போட்டு ரெண்டு நிமிஷத்துல எடுத்தா ராஜா. ஸ்ட்யூல போட்டா வைக்கோல்.''

ஆன்ட்டி சொன்னதற்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது. நடக்கிற, இழுக்கிற, பாரம் தாங்குகிற தசைகளில் கொலாஜன் என்கிற இணைப்புத் திசு அதிகம். கறியில் வெள்ளை வெள்ளையாக ஓடும் ஜவ்வும் நரம்பும் அதுதான். சும்மா வதக்கினால் ரப்பர். 70 டிகிரிக்கு மேல் ஈரத்தோடு மணிக்கணக்காக வைத்தால் அதுவே ஜெலட்டினாகக் கரைந்து, சதை இழை இழையாகப் பிரியும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அந்தச் சமாசாரம்தான். அண்டர்கட்டில் கரைவதற்கு அப்படி எதுவும் இல்லை. வேக வேகத் தண்ணீரை விட்டு வறண்டு போகும்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. 1958-ம் வருஷத் தமிழ்நாடு சட்டப்படி, பத்து வயசைத் தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது, அல்லது நிரந்தரமாக முடமாகிவிட்டது என்று சான்று கொடுத்த மாட்டைத்தான் வெட்டலாம். எருமைக்கும் இதேதான். 1976-ல் பசுவை வெட்டத் தடையும் வந்தது. ஆக, சட்டப்படி கடைக்கு வருவது பெரும்பாலும் வண்டி இழுத்து, உழுது, வயசான மாடு. வயசாக ஆகக் கொலாஜன் முடிச்சு இறுகும். இளம் மாட்டுக்கு வெள்ளைக்காரன் புத்தகத்தில் எழுதி வைத்த இரண்டு மணி நேரம் நம் கறிக்குப் பத்தாது. மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாலக்கரை. ''முன்னங்கால் கெண்டைச் சதை, நல்லி எலும்போட. ஜவ்வை எடுக்காதீங்க பாய்.''

பாய் சிரித்தார். ''இப்பத்தான் சரியா கேக்கறீங்க.'' விலையும் குறைவு. என் நஷ்டக் கணக்கு அங்கேயே அடிபட்டது.

இரண்டு அங்குலத் துண்டுகள். சின்னதாக நறுக்கினால் பஞ்சு பஞ்சாகிவிடும். சிவக்க வறுத்து, வெங்காயம், இஞ்சி, மிளகு, பட்டை, கிராம்பு போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தோம். கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். கேரட்டும் உருளைக்கிழங்கும் கடைசி முக்கால் மணிக்கு. மைதா கரைத்து ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை, எலும்பும் ஜவ்வும் சேர்ந்து கிரேவியைக் கெட்டியாக்கிவிட்டன.

''குக்கர்ல வெச்சா சீக்கிரம் வெந்துடுமே ஆன்ட்டி?''

''வெந்துடும். ஆனா எனக்கு என்ன மேன் அவசரம்?''

நாலாவது மணி நேரத்தில் ஸ்பூனால் தொட்டதும் துண்டு பிரிந்தது. ஆன்ட்டி சாப்பிட்டார். பேசவில்லை. தட்டு ஓரத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. நல்லியை மட்டும் தட்டி, மூளையை ரொட்டியில் தடவி எனக்குக் கொடுத்தார்.

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டினேன். நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியின் வீட்டு மாடி. வீடு கொடுக்கும்போது மாமி போட்டது ஒரே கண்டிஷன். ''வெளில என்ன சாப்பிட்டாலும் உங்க இஷ்டம். எங்காத்து அடுப்புல வேண்டாம்.'' இத்தனை வருஷத்தில் நான் மீறியதில்லை. அவரும் கேட்டதில்லை.

அன்று கேட்டார். ''பொன்மலைப் பாட்டி எப்படி இருக்கா? சாப்ட்டாளா?''

''நல்லா சாப்ட்டாங்க மாமி.''

''என்ன பண்ணிக் குடுத்தேள்?''

காய்கறிக் கூட்டு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ''மாட்டுக்கறி ஸ்ட்யூ மாமி'' என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வீடு மாற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

''பல்லு கிடையாதே அவளுக்கு. எப்படி மென்னா?''

நாலு மணி நேரம் வைத்த கதையைச் சொன்னேன். மாமிக்கும் பல்செட்தான். சாதத்தைக் கஞ்சி பதத்துக்குக் குழைய வைத்துத்தான் சாப்பிடுகிறார்.

''வயசானவாளுக்கு எதானாலும் குழையத்தான் வெக்கணும்'' என்று சொல்லிவிட்டு, விளக்கேற்ற உள்ளே போய்விட்டார்.

கண்டிஷன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பு மாட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வருகிறது: ''பாட்டியை விசாரிச்சேன்னு சொல்லுங்கோ.''