வலிக்கிற காலோடு 18 கிலோமீட்டர்

வயல்ல வேலை பாக்குறவனுக்கு ஓட்டம் எதுக்குன்னு ஊர்ல கேக்குறாங்க. மண்வெட்டி பிடிக்கிற உடம்பு வேற, ஓடுற உடம்பு வேறங்க.

வெள்ளிக்கிழமை முழுக்க சம்பாவுக்கு வரப்பு வெட்டினேன். ஞாயிறு விடியலில், புது ஆறுன்னு நாங்க சொல்ற கல்லணைக் கால்வாய்க் கரையில் 18 கிலோமீட்டர் ஓட்டம். வருஷத்துக்கு ஒருதடவை செய்யும் வேலையின் வலி, மறுநாளைவிட ரெண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். தசை நாரில் விழும் நுண்ணிய கிழிசல். ஓய்வில் தானே ஆறிடும்.

10 கிலோமீட்டர் வரை சமாளித்தேன். பிறகு தொடை கல்லாய் இறுகிடுச்சு. மாடு ஓட்டி வந்த பெரியவர், "என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சிட்டியா?"ன்னார். சிரிக்கத் தெம்பில்லை. கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம்னு முடித்தேன்.

எங்கப்பாவுக்குச் சர்க்கரை. அதான் எனக்கு இந்த ஓட்டமே. பாதத்தில் உணர்ச்சி போய், கருவேல முள் ஏறினதுகூட தெரியாம புண்ணாகி, அவருக்கு ஒரு விரலையே எடுத்தாங்க. அன்னிக்குத் திண்ணையில் காலை நீட்டி நான் முனகினப்ப, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"ஆமாப்பா."

"நல்லது"ன்னார்.