ஓட்டியவர் மேல் குற்றமில்லை

2021 நவம்பர் 13, சனிக்கிழமை. என் காரை எடுத்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் கொட்டும் மழையில் ஒரு மதிலில் மோதினார். வேகமாகப் போய் மோதிவிட்டார் என்று ஊர் சொன்னது. சொன்னவர்களில் நானும் ஒருவன். நான் சொன்னது பொய். அந்த வண்டியின் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன, பின்பக்கம் இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது என்பதெல்லாம் எனக்கு ஆகஸ்ட் மாதமே தெரியும்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே உள்ளொதுங்கிய ஒரு கிராமம் எங்களுடையது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். தெருவில் கேஎல் 19 வண்டியும் டிஎன் 75 வண்டியும் அடுத்தடுத்து நிற்கும். எல்லைக்கு இரண்டு பக்கமும் மழை மட்டும் ஒன்றுதான். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும், ஆடியில், அதாவது கர்க்கடகத்தில், வெளுத்து வாங்கும். ஆவணியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஐப்பசியில் துலாமழையாகத் திரும்பி வரும். ஓணத்தையொட்டிய அந்தச் சின்ன இடைவெளிதான் வண்டியைச் சீராக்கக் கிடைக்கும் நேரம்.

கனடாவில் இருக்கும் என் அக்கா மகன் ஏப்ரல் பிறந்ததும் காரின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவான். பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய உப்பு இரும்பைத் தின்னாமல் இருக்க அதுதான் வழி. அவன் இருக்கும் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குளிர் போனதும் அந்த டயரைக் கழற்றும்போது, பிரேக்கையும் ஒரு கண் பார்த்துவிடுவார்களாம். நமக்குப் பனி இல்லை. ஆனால் பொழியூர், பூவார் கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும், மூன்று மாதம் காயாத ஈரமும், சக்கர வளைவுக்குள் அப்பிக்கொள்ளும் செம்மண்ணும் சேர்ந்தால் அதே வேலையைச் செய்துவிடும்.

என் ஆல்டோ அயனி மரத்தடியில்தான் நிற்கும். கர்க்கடகம் கழிந்ததும் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள பள்ளத்தில் கை விட்டால் மக்கிய இலை பிடிபிடியாக வரும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சின்னத் துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே கதவு உள்ளுக்குள் துருவேறும். மிதியடிக்குக் கீழே ஈர வாடை அடிக்கும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். வைப்பர் ரப்பர் விறைத்துப்போய்க் கண்ணாடியில் கோடு கோடாக இழுக்கும். இவையெல்லாம் கண்ணில் படுகிறவை. கண்ணில் படாதது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாத வெப்பம் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியில் தாங்கினாலே போதும் என்று தர விதியே விட்டுக்கொடுக்கிறது. பின் சக்கரத்து டிரம்முக்குள் ஒரு சின்ன வீல் சிலிண்டர் இருக்கிறது. அதன் ரப்பர் கெட்டுப்போனால் ஆயில் கசிந்து பிரேக் கட்டையில் படும். நனைந்த கட்டை பிடிக்காது.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம், ஓணத்துக்கு முன்னால், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் ஆசான் பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்துக் காட்டினார். உள்ளே கறுப்புப் பொடி சேறுபோலக் குழைந்திருந்தது. அப்புறம் முன் டயரின் பள்ளத்தில் விரலை ஓட்டச் சொன்னார். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும். டயரின் பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டவே கூடாது. என் விரலுக்கு மேடும் தட்டவில்லை, பள்ளமும் தட்டவில்லை.

"துலாமழைக்கு மின்ன ரெண்டையும் மாத்திப் போடுங்க, கேட்டியளா. சிலிண்டரும் மாத்தணும்" என்றார்.

"ஓணம் கழியட்டு ஆசானே" என்றேன்.

கையில் காசு இருந்தது. அதைக் கொண்டு பாலிஷ் போட்டேன், புது சீட் கவர் மாட்டினேன். ஓணத்துக்கு வருகிற சம்பந்தி வீட்டார் பார்ப்பது அதைத்தானே. அதே ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் டேங்கை நிரப்பி வருவேன். நானொரு சிக்கனக்காரன், பொறுப்பானவன் என்ற நினைப்பு எனக்கு. ஓணம் கழிந்தது, செப்டம்பர் கழிந்தது, ஐப்பசியும் பிறந்தது. டயர் கடைக்கு முன்னால் போகும்போதெல்லாம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பள்ளி வேன் டிரைவர். கொரோனாவில் பள்ளிகள் மூடியதும் அவருக்கு வேலை போயிற்று. நவம்பர் 1ஆம் தேதி கேரளத்தில் பள்ளிகள் திறந்தபோதுதான் அது திரும்பக் கிடைத்தது. 13ஆம் தேதி பெய்த மழையில் பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றது. நெய்யாற்றின்கரைப் பக்கம் மூன்றுகல்லின்மூட்டில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தில் ஒரு பகுதி இடிந்தது. அவருடைய மகள் நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வர வழியில்லாமல் போன் செய்திருக்கிறாள். அவர் வந்து கார் கேட்டார். சாவியைக் கொடுத்தேன்.

கொடுத்தபோது டயர் ஞாபகத்துக்கு வந்தது. இதை மறைக்கக் கூடாது. வந்தது. சொல்லியிருந்தால் அவர் வேறு வண்டி பார்த்திருப்பார். ஆனால் அவர் முன்னால் குறைந்துபோக எனக்கு மனம் வரவில்லை. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

டயரில் பள்ளம் வெட்டியிருப்பது அழகுக்கல்ல. அடியில் சிக்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாக வெளியே பாய வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தார் மேல் ஓடாது, தண்ணீர் மேல் மிதக்கும். மிதக்கும் சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. உள்ரோட்டு இறக்கத்தில், வளைவுக்கு முன்னால் அவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். இடது பின் சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மதிலில் முட்டியது. வலது மணிக்கட்டு முறிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது இது நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னைத் தூங்கவிடாது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னது, "பிரேக்கு சவுட்டினேன், வண்டி வலத்தோட்டு இழுத்திட்டுண்ணே" என்பதுதான். ஏன் இழுத்தது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அவர் தோளைத் தட்டினேன். மறுநாள் டீக்கடையில் நாலுபேர் வேகத்தைப் பற்றிப் பேசியபோது, "கொஞ்சம் மெள்ளப் போயிருக்கலாம்" என்றேன். வண்டிக்குச் சொந்தக்காரனே அப்படிச் சொன்னபிறகு மற்றவர்களுக்கு என்ன சந்தேகம்? அவருடைய ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை நான் கட்டினேன். வண்டியை உடைத்தவனுக்குச் செலவும் பார்க்கிறாரே என்று ஊர் என்னைப் பாராட்டியது. அவருடைய மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

பள்ளி வேனுக்கு வேறு ஆள் வந்தார். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி, பெற்றோர் கேட்கிறார்கள் என்று காரணம் சொன்னார்களாம். கை கூடியதும் இவர் ரப்பர் பால் வெட்டப் போனார். இப்போதும் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் வீட்டைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போகிறார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

இந்த வருடம் ஓணம் கழிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிரம்மில் இருந்த சேறு, ஆசான் சொன்ன வார்த்தை, டீக்கடை, எதையும் விடவில்லை. அவர் கோபப்படவில்லை. வெகு நேரம் கழித்து, "எண்ணே, இத்தற வருசமா நான் என் காலத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். சவுட்டினது பிந்திப் போச்சோன்னு" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பள்ளி வேன் முதலாளியிடம் சொல்லச் சொன்னார், டீக்கடையிலும் சொல்லச் சொன்னார். இரண்டு இடத்திலும் சொன்னேன். டீக்கடையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேன்காரர், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று கடிந்துகொண்டார். பிறகு, எழுத்தில் கொடுத்தால் மற்ற வேன் முதலாளிகளிடமும் காட்டலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். டயர் இருந்த நிலை, சிலிண்டர் கசிந்தது, எனக்குத் தெரிந்த மாதம், டீக்கடையில் நான் சொன்ன வாக்கியம், எல்லாம் அந்தத் தாளில் உண்டு. கீழே என் கையெழுத்து. சாட்சியாக ஆசான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.