தரவாக வந்து ஓடிய கட்டளை

2004 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, நினைவகத்துக்குள் ஒரு கோடு கிழித்தது: தரவு வைக்கும் இடத்தில் நிரல் ஓடக்கூடாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிளாஸ்டர் என்ற புழு, தரவாக நுழைந்து கட்டளையாக ஓடி, உலகெங்கும் கணினிகளைப் படுத்தியெடுத்திருந்தது. 2003இல் ஏஎம்டி தன் 64 பிட் சிப்களில் இப்படிக் கோடு கிழிப்பதற்கென்றே ஒரு பிட்டை ஒதுக்கியது. இன்டெலும் பின்னால் வந்து சேர்ந்தது, அதே பிட்டுக்கு வேறு பெயரோடு.

திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரரும் மாட்டிக்கொண்டார்.

ஓடும்போதே புதுக் கட்டளைகளை எழுதி, உடனே இயக்கும் மென்பொருள்கள் பல. அதற்கு அனுமதி கேட்கும் வசதி விண்டோஸில் முன்பே உண்டு. கேட்காமலே வேலை நடந்தபோது யார் கேட்பார்கள்? மைக்ரோசாஃப்டின் சொந்த ஏடிஎல் நூலகத்தின் பழைய பதிப்புகளே அப்படித்தான். சாளரங்களைக் கையாளும் சின்னஞ்சிறு கட்டளைத் துண்டுகளைத் தரவுப் பகுதியில் எழுதி ஓட்டின. அவற்றை நம்பிக் கட்டிய நிரல்கள் விழாதிருக்க, விண்டோஸே அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டு, அவை செய்யவேண்டிய வேலையைத் தான் செய்துகொடுக்க நேர்ந்தது. நிறுவனம் தன் கோட்டைத் தானே சற்று அழித்துக்கொண்டது! எக்ஸ்பியில் இந்தக் காவல் இயல்பாக விண்டோஸின் சொந்த நிரல்களுக்கும் சேவைகளுக்கும் மட்டுமே இருந்ததற்கும் பழைய நிரல்கள் விழுந்துவிடும் என்ற பயமே காரணம்.

லினக்ஸிலும் இதே கதைதான். ஜிசிசி தொகுப்பியில் செயற்கூறுக்குள் செயற்கூறு எழுதினால், தரவுக்கான அடுக்கு நினைவகத்திலேயே கட்டளை ஓடவேண்டி வரலாம். 2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41 என்ற சி நூலகப் பதிப்பு, ஓட்டத்தின் நடுவே ஏற்றப்படும் நூலகங்களுக்கு அடுக்கில் கட்டளை ஓட்டும் சலுகையை மறுத்தது. சில பழைய நூலகங்கள் அன்றுமுதல் ஏற மறுக்கின்றன.