ஒரு ரூபாய் அழைப்புகள்

மாடிப்படிக்குக் கீழே, பழைய லெட்ஜர்கள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் மட்டும் கொள்ளும் இடம். நான் வேலைக்குச் சேர்ந்த வங்கியின் மதுரை வட்டார அலுவலகத்தில் டெலிபோன் போர்டு அங்கேதான் இருந்தது. ஜன்னல் கிடையாது. பார்வை இல்லாதவருக்கு ஜன்னல் எதற்கு என்று அந்த இடத்தை ஒதுக்கிய புண்ணியவான் நினைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் காற்றும் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

1998-ல் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் அங்கே ஆபரேட்டராக இருந்தார். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கி, அதில் 1 சதவீதத்தைப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தது. நான் பார்த்தவரை அந்த ஒரு சதவீதம் இரண்டே நாற்காலிகளில் அடங்கிவிட்டது. ஒன்று டெலிபோன் ஆபரேட்டர் உட்காரும் நாற்காலி. மற்றது பிரம்பு அறுந்து பின்னுவதற்குக் காத்திருக்கும் நாற்காலி.

அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவரிடம்தான் லைன் கேட்க வேண்டும். சொந்த அழைப்புகளுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. யார், எந்த ஊருக்கு, எத்தனை நிமிடம் என்று அவர் பிரெயிலில் குறித்து வைப்பார். மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்க்கும் கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். மாதக் கடைசியில் அவர் தடவிப் படிக்கப் படிக்க, ரெஜிஸ்டரில் பேனாவால் எழுதுவது என் வேலை. புதிதாக வந்தவன் தலையில் கட்டப்பட்ட வேலை அது. அதனால்தான் எனக்கு அந்த அறைக்குள் இடம் கிடைத்தது.

அலுவலகத்தில் அவரைப் பற்றி ஒரு புகழ்ச்சி உலவியது. ஐந்நூறு நம்பர் மனப்பாடம், ஒரு தடவை குரலைக் கேட்டால் பத்து வருஷம் கழித்தும் ஆளைச் சொல்லிவிடுவார், கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார். நானும் அதை வந்தவர் போனவரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான். ஒருநாள் அவர் காதிலேயே அது விழுந்தது.

“குடுத்தாரா? ராத்திரி ராத்திரி உக்காந்து குத்தினது நான். பேரு அவருக்கா?”

கோபமாகச் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் அதே குரல்.

குத்துவது என்றால் என்ன என்று பிறகுதான் பார்த்தேன். பிரெயில் சிலேட்டில் தடித்த தாளைச் செருகி, முனை மழுங்கிய ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளிகள் மேடாக எழும்பி, இடமிருந்து வலமாக விரலுக்குப் படும். ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் மனசுக்குள் திருப்பிப் போட்டே எழுத வேண்டும். எண் வருகிறது என்று காட்ட முன்னால் தனியாக ஒரு குறி. கிளைகள், தலைமை அலுவலகம், மின்வாரியம், ஆஸ்பத்திரி, மேலாளர்களின் வீடுகள் எல்லாம் அப்படிக் குத்தியவை. மதுரையின் ஆறு இலக்க எண்கள் முன்னால் ஒரு 2 சேர்ந்து ஏழு இலக்கமானபோது நாங்கள் டைரியில் பேனாவால் ஒரு 2 போட்டுக்கொண்டோம். பிரெயிலில் நடுவில் நுழைக்க இடம் கிடையாது. தாள் முழுவதையும் மறுபடி குத்த வேண்டும்.

“எல்லாத்துக்கும் முன்னாடி ரெண்டுதானே அண்ணே. ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதாதா?”

“எனக்குப் போதும் தம்பி. எனக்கு அடுத்து வர்றவனுக்கு?”

அவர் ஊருக்குத் தங்கை கல்யாணத்துக்குப் போனபோது போர்டில் என்னை உட்கார வைத்தார்கள். சுவரில் அச்சடித்த பட்டியல் இருந்தது, எனக்கு அதைப் பார்க்கக் கண்ணும் இருந்தது. உள்ளிருந்து வரும் அழைப்புக்கு ஒரு விதமாகவும் வெளியிலிருந்து வருவதற்கு வேறு விதமாகவும் மணி அடிக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். பதினோரு மணிக்குள் என் சட்டை நனைந்துவிட்டது. ஒரு பெயரைப் பட்டியலில் தேடுவதற்குள் இன்னொரு லைன் அலறும். சில அழைப்புகளில் எடுத்து ஹலோ என்றால் பதிலே இருக்காது. யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிட்டேன்.

மதியம் வந்த ஓர் அழைப்பில் வயதான அம்மா ஒருவர் பேசினார். குடும்ப ஓய்வூதிய விஷயம். பிரிவுக்கு மாற்றினேன், அங்கே யாரும் எடுக்காமல் என்னிடமே திரும்பி வந்தது. “அந்தத் தம்பி இல்லையாய்யா? நான் ரெண்டு தரம் போட்டேன், கட்டாயிருச்சே” என்றார். அதற்குள் பீப் பீப் என்று சத்தம் வந்து லைன் போய்விட்டது.

பெட்டிக்கடைகளில் தொங்கிய ஒரு ரூபாய் பெட்டி போன் நினைவிருக்கிறவர்களுக்கு இது புரியும். எதிர்முனையில் எடுத்த பிறகுதான் காசைப் போட வேண்டும். காசு உள்ளே விழும்வரை கூப்பிட்டவரின் குரல் நமக்குக் கேட்காது. உள்ளூர் அழைப்புக்கு மூன்று நிமிடம், பிறகு இன்னொரு ரூபாய். நான் விளையாட்டென்று வைத்த மௌனத்தில் சில பேர் மடியில் சில்லறை தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அண்ணன் திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் செய்வதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். பதில் வராவிட்டால் வைக்கமாட்டார், “போடுங்க, இருக்கேன்” என்பார். நாணயம் விழும் சத்தம் வந்தால் அழைப்பை அப்படியே மாற்றமாட்டார். முதலில் அந்தப் பிரிவில் ஆள் இருக்கையில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு பிறகே இணைப்பார். ஆள் டீ குடிக்கப் போயிருந்தால், “நாலு மணிக்குக் கூப்பிடுங்கம்மா, காசை வீணாக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்கு அந்த ஆளை நாற்காலியில் பிடித்து வைத்திருப்பார். இது எந்தப் பணி விதியிலும் கிடையாது. இதற்கு யாரும் அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்ததும் இல்லை. கொடுத்திருந்தால் நினைவாற்றலுக்கு என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அன்றிலிருந்து, வரம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. வீட்டில் அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றிச் சொன்னாலும்கூட.

செல்போன் வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் நேரடி எண் வந்தது. பிறகு ‘எண் ஒன்றை அழுத்தவும்’ என்ற குரல் வந்தது. ஆபரேட்டர் பதவியே தேவையில்லை என்றானது. அடுத்து வருகிறவனுக்காகக் குத்திய தாள்களை விரலால் தொட யாரும் வரவில்லை.

அவரைக் குறைதீர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-ல் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் கணினித் திரையை அவருக்கு வாசித்துச் சொல்கிறது. அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடுவதில்லை. தொல்லை வேறிடத்தில். பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழ்க் கடிதம் வந்தால் மென்பொருள் அர்த்தமில்லாமல் உளறும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல், பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் சுற்றறிக்கைகளோ கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, வெறும் படமாக வரும். படத்தில் இருப்பதை அது தானாகப் படிக்காது.

சுற்றறிக்கை அனுப்பும் பிரிவுக்கு நான் வந்த பிறகு, ஸ்கேன் செய்தது எதுவும் என் மேசையைத் தாண்டுவதில்லை. சக ஊழியர்களுக்கு எரிச்சல்தான், இருக்கட்டும். போன மாதம் ஒன்று தப்பிப் போய்விட்டது. காலையிலேயே போன் வந்தது.

“தம்பி, மூணாம் பக்கம் மட்டும் படமா இருக்கு.”

அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்ய வைத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மறுபடி அவரே கூப்பிட்டார். அட்டவணையில் மூத்த குடிமக்களுக்கான வட்டி விகிதம் ஒன்று தப்பாம். எடுத்துப் பார்த்தேன், தப்புதான். எங்களில் வேறு யாரும் மூன்றாம் பக்கம் வரை படித்திருக்கவில்லை.