எண்ணெய் விலையும் எங்கள் வீட்டுப் பயணமும்

2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது. அவ்வாண்டில்தான் எங்கள் இல்லத்தில் கார் வாங்கும் பேச்சும் எழுந்தது. தென்காசியில் வாழும் நடுத்தரக் குடும்பம் எங்களுடையது. என் கணவருக்குக் குற்றாலத்தில் வேலை. எனக்கு உள்ளூரிலேயே ஆசிரியப் பணி. கார் வேண்டும் என்று நாங்கள் எண்ணியதற்கு முதற் காரணம் என் அத்தை. கணவரைப் பெற்ற அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. மூட்டுவலியால் பேருந்தின் முதற்படியில் கால் வைக்க இயலாது. உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்குக்கூடப் போகாமல் திண்ணையோடு அடங்கிவிட்டார். அவர் மீண்டும் நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கவலை.

எண்ணெய் விலை ஏறுவது புதுமையன்று. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைக் குறைத்தபோது, பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை எட்டியது. 1979-இல் ஈரானில் புரட்சி எழுந்தபோதும், 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோதும் விலை தாவி ஏறியது. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது. எனவே, எங்கோ வெடிக்கும் குண்டின் அதிர்ச்சி தென்காசிச் சந்தையின் காய்கறிக் கூடையிலும் தெரிகிறது.

காலஞ்சென்ற என் மாமனார், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கரி பஸ்களைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த காலம் அது. பேருந்தின் பின்புறம் பெரிய உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரிப்பார்கள். அதிலிருந்து எழும் வாயுவைக் குளிர்வித்து, வடிகட்டி, இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் அத்தகைய வாயுக்கலத்தை உருவாக்கித் தந்தனர். ஆனால் பெட்ரோல் தரும் வலுவைக் கரி வாயு தராது. மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டியதுதான். போதாததற்கு, அவ்வாயு நச்சு வாயு. கரிக்காக வெட்டுண்ட மரங்களும் எத்தனையோ! மலைக்காட்டின் நிழலிலும் நீரிலும் வாழும் நமக்கு, காட்டை எரித்து ஓட்டும் வண்டி மாற்று ஆகாது.

மாற்று வேறெங்கே உள்ளது? முதலில் கணக்கைப் பார்த்தோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போய்வர ஏறத்தாழ 12 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனியே சென்றால் 800 மில்லி பெட்ரோல் செலவாகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்து அதே தொலைவுக்கு 3 லிட்டர் டீசல் குடிக்கும். அதை 50 பேர் பகிர்ந்தால் தலைக்கு 60 மில்லிதான். சைக்கிளுக்கோ ஒரு சொட்டும் வேண்டாம். சாரல் காலத்துச் சனி, ஞாயிறுகளில் பேரருவிக்குப் போகும் கார்கள் சாலையில் வரிசையாக நிற்க, ஓரமாகச் சைக்கிளில் செல்பவர் முந்திச் சேர்வதை இவ்வூரார் அறிவர்.

கணவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். குற்றாலம் போய்வர அரை யூனிட் மின்சாரம் போதும். அம்மின்சாரத்தில் நிலக்கரியும் கலந்தே வருகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து நமக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. அக்காற்றுக்குக் கப்பலும் வேண்டாம், டாலரும் வேண்டாம்.

திருநெல்வேலிக்குப் போவதற்கு ரயில் இருக்கிறது. 1904-இல் கொல்லம் வரை முழுமை பெற்ற பழைய மீட்டர் கேஜ் பாதை, தென்காசி–திருநெல்வேலிப் பகுதியில் 2012-இல் அகலப் பாதையாயிற்று. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணத்தில் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே வருகிறார்கள்.

எஞ்சியது அத்தையின் பயணம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல அரசு வழி செய்தது. எனக்கு அது பேருதவி. ஆனால் அத்தைக்கோ கட்டணம் நீங்கியதேயன்றிப் படியின் உயரம் நீங்கவில்லை. எனவே, காருக்கெனச் சேர்த்த பணத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஆட்டோவுக்கென ஒதுக்கினோம். தெரு முனை ஆட்டோத் தம்பி, “ஆச்சி, எங்க போகணும்?” என்று வாசலில் வந்து நிற்பார். அண்டை வீட்டு மூதாட்டியர் இருவரும் சேர்ந்துகொள்வதால் வாடகை மூன்றாய்ப் பிரிகிறது. மூவரும் ஐந்தருவிப் பக்கம் போய்த் திரும்பிய மாலையில், “அருவியில நனையல, சாரல்ல நனஞ்சேன்” என்று அத்தை சொன்னபோது அவர் முகத்தில் நெடுநாளாகக் காணாத மலர்ச்சியைக் கண்டோம். நள்ளிரவில் நோய் முற்றினால் என் செய்வது என்ற அச்சம் முழுதும் அகலவில்லை. அதற்கு 2008-இல் தொடங்கிய 108 அவசர ஊர்தியைத்தான் நம்பியிருக்கிறோம்.

கார் வைத்திருப்போரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. சிற்றூர்களில் பேருந்தே எட்டிப்பாராத இல்லங்கள் உண்டு. அவர்கள் நிலை வேறு. பேருந்தின் படி தாழ்ந்தால், நேரம் தவறாமல் அது வந்தால், இன்னும் எத்தனையோ முதியோர் திண்ணையை விட்டு இறங்குவர். அதை நாம் உரியவர்களிடம் கேட்டுப் பெறவேண்டும். அதுவரையில், அன்புள்ள குடும்பத் தலைவர்களே, தலைவியரே, வண்டி வாங்குமுன் ஒரு தாளை எடுத்து, வீட்டில் யார், எங்கே, மாதத்தில் எத்தனை முறை போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அப்பட்டியலில் வெளியே போகவே இயலாதவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.