வாவி காத்த கோட்டை

மட்டக்களப்பை ஒரு பகலுக்குள் கண்டுவர விழையும் பிரயாணி வைகறையில் எழுந்து முதலிலே கல்லடிக் கடற்கரைக்குச் செல்வதே முறையாகும். ஏனெனில், ஞாயிறு எழும் திசையை நோக்கிக் கிடப்பதனால் எழுவான்கரை எனப் பெயர்பெற்ற அந்நெடிய மணற்பரப்பிலே நின்று கீழ்த்திசைச் சமுத்திரத்தைப் பார்த்தவருக்கே, பின்னர் காணப்போகும் கோட்டையின் தாற்பரியம் விளங்கும். கப்பல்கள் ஒதுங்கி நிற்க ஒரு பாறைமுனையேனும் அங்கே இல்லை. கரைக்கு அருகே, 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் சாய்ந்துபோன திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். வாழ்ந்த வீடுகளையும் வளர்த்த பிள்ளைகளையும் அன்று பறிகொடுத்த மக்கள் இன்றும் அக்கரையிலேதான் வலை உலர்த்துகிறார்கள்.

கடலை விட்டு மேற்கே திரும்பிக் கல்லடிப் பாலத்தைக் கடந்தால், புளியந்தீவு எதிர்ப்படும். அப்பாலத்தின் கீழே பூரணை இரவுகளில் வாவியிலிருந்து இன்னொலி எழுவதாகவும், பாடுவது மீனன்று, ஊரியே என்றும் தோணிக்காரர் சொல்வர். நான் போனது பகற்பொழுதாகையால் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பிய கோட்டை, பத்து ஆண்டுகளே அவர் கையில் இருந்தது. 1638 மே 18 ஆம் நாள், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்துத் தளபதி வெஸ்ட்டர்வோல்ட் அதைக் கைப்பற்றினார். ஐந்து நாட் கழித்து அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இங்கே உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்னும் பொருள்படும் வாசகம் ஒரு பிரதியில் இருக்க, மற்றப் பிரதியில் இல்லாது போயிற்று! இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி, போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்த இந்த மாற்றத்தையே சுட்டுவது. பீரங்கிகள் செய்த வேலையைக் காட்டிலும் அந்த ஒரு வாசகம் செய்த வேலை பெரிது என்பதே என் துணிபு. 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டை மறுபடி கைமாறிற்று.

நான்கு கொத்தளங்களுடைய சிறிய கோட்டைதான் அது. இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. ஒரு கொத்தளத்தின் ஓரமாக நடந்தபோது, காரை உதிர்ந்த இடுக்கிலே ஓர் அரசங்கன்று நான்கைந்து இலைகளோடு துளிர்த்திருந்தது. அதன் வேரோ, மயிரிழை போன்ற வெடிப்பைப் பற்றிக்கொண்டு ஒரு முழத்துக்கும் மேலாகக் கீழிறங்கியிருந்தது. இடுக்கிலே விரலை வைத்தேன். சுண்ணம் மாவாய் உதிர்ந்தது. பல அரசுகளைக் கண்ட மதில் ஒரு செடியிடம் தோற்றுவிடலாகாதே என்று மனம் பதைத்தது. உள்ளே நெடுங்காலம் அரசாங்கக் காரியாலயங்கள் இயங்கிவந்தன.

பிற்பகலில், 1913 இல் கட்டப்பட்டு 28 மீற்றர் உயர்ந்து நிற்கும் வெளிச்சவீட்டைக் காண முகத்துவாரப் பக்கம் சென்றேன். அங்கே மணல்மேடும் கண்டற்காடும் வாவியின் வாயை மறைத்து நிற்பதைக் கண்ட பின்னரே, கடல்வழி வந்த அந்நியர் கடலோரத்தில் கோட்டை கட்டாமல் உள்ளே புகுந்து வாவியின் மடியில் ஒளிந்துகொண்ட காரணம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. வாவியே மெய்யான அரண். மதில் அதற்குத் துணை.

ஆகவே, மட்டக்களப்புக்கு வரும் அன்பர்கள் கோட்டையை வீதியிலிருந்து பார்த்ததோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு தோணியிலேறி, நீரின் நடுவிலிருந்து அதைப் பார்த்துச் செல்வார்களாக. மதிலிலே வேரோடும் அரசங்கன்றுகளை ஆண்டுக்கொருமுறையேனும் களைவிக்க உரியவர்கள் மனம் கொள்வார்களாக.